எட்டாயிரம் ரூபாய் போன்: பூக்கடைக்கு ஆகுமா?

வாசகர் கேள்வி: 2025 ஜனவரி 11

அம்மா மதுரையில் பூ விற்கிறார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து, கட்டி, கோயில் வாசலில் விற்பார். இதுவரை பட்டன் போன்தான். வாட்ஸ்அப்பில் மாலை ஆர்டர் வாங்கவும், கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்கவும் இப்போது ஸ்மார்ட்போன் கேட்கிறார். கையில் ரூ.8,500 இருக்கிறது. அந்த விலைக்கு 5ஜி, 50 மெகாபிக்சல் கேமரா, 5,000 எம்ஏஎச் பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு போன் வந்திருக்கிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. ரேமை 8 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம் என்றும் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாங்கட்டுமா?

ஜனவரி 11, இரவு

வேண்டாம். இன்னும் இரண்டாயிரம், மூவாயிரம் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள். ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது அவற்றைத் தாங்கும் வேக நினைவகம், 6 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். 5ஜி பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2020 ஊரடங்கில் என் மகளுக்கு இணைய வகுப்பு தொடங்கியபோது, அவசரத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒரு போன் வாங்கினேன். 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. பெட்டியில் 'எட்டு கோர்' என்று கொட்டை எழுத்து. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பாடக் குறிப்புகளும் வீடியோக்களும் வகுப்புக் குழுவில் வந்து குவியக் குவிய, அடுத்த ஆண்டுக்குள் 32 ஜிபியும் நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப்பைத் தொட்டால் திறக்கப் பதினொரு வினாடி ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து நானே எண்ணியிருக்கிறேன். ஆசிரியை வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவார். இவள் மைக் பொத்தானை அழுத்துவாள். அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் அடுத்த பிள்ளையின் பெயர் வந்துவிடும். 'உள்ளேன் டீச்சர்' என்று அவள் சொன்னது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் கேட்டது. மாதக் கடைசியில் ஒன்பது நாள் வரவில்லை என்று குறிப்பு வந்தபோது குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதிலிருந்து, யார் மலிவு போன் பற்றிக் கேட்டாலும் அந்தப் பதினொரு வினாடிதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஜனவரி 12

'ரேமை 8 ஜிபி ஆக்கலாம்' என்பது பற்றி நேற்று எழுதவில்லை. அது ரேமே அல்ல. சேமிப்பில் 4 ஜிபியை ஒதுக்கி, ரேமில் கொள்ளாததை அங்கே தூக்கிப் போடுவது. சேமிப்பு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. போதாததற்கு 64 ஜிபியில் நான்கும் போய்விடும். கடைக்காரர் எத்தனை முறை சொன்னாலும், அதை 4 ஜிபி போன் என்றே கணக்கில் வையுங்கள்.

எட்டு கோர் என்பதும் அப்படித்தான். போனின் மூளையான சிப்புக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயன் இல்லை, எந்த கோர் என்று பார்க்க வேண்டும். 2020இல் வந்த ஹீலியோ ஜி35 சிப்பில் எட்டுமே கார்ட்டெக்ஸ் ஏ53. அந்த வடிவத்தை, கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் அறிவித்தது 2012இல். 2022இல் வந்த ஹீலியோ ஜி99 சிப்பிலும் கோர் எட்டுதான். ஆனால் அவற்றில் இரண்டு, ஏ76 என்ற வலுவான கோர்கள். ஒரு செயலியைத் தொட்டதும் திறக்க வைப்பது அந்த இரண்டுதான். எட்டுப் பேர் கட்டும் பந்தலில் கனமான கம்பத்தைத் தூக்க இரண்டு பேருக்காவது தோள்வலு வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள்.

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். என் மகளின் போன் படுத்ததற்கு ரேம் குறைவே காரணம் என்று எண்ணித்தான் 6 ஜிபி என்றேன். இரண்டு நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று மாதமும் அதே 2 ஜிபிதானே? அப்போது ஓடிய போன் பிறகு ஏன் படுத்தது? ரேம் மாறவில்லை. மாறியது சேமிப்பு. அது நிரம்பிய பிறகுதான் தொல்லை தொடங்கியது.

அதில் இருந்தது இஎம்எம்சி வகைச் சேமிப்பு. ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் ஒருசேரச் செய்யாது. யூஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒன்றாகச் செய்யும். வேகத்திலும் பெரிய இடைவெளி உண்டு: இஎம்எம்சி 5.1 வினாடிக்கு முந்நூறு மெகாபைட் அளவில் படித்தால், யூஎஃப்எஸ் 2.2 ஆயிரத்தை ஒட்டிப் படிக்கும்.

நிரம்பினால் ஏன் மெதுவாகிறது என்பதற்கு ஒரு சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. பலகை முழுவதையும்தான் துடைக்க முடியும். எனவே, வேண்டிய எழுத்துகளை முதலில் வேறு பலகைக்குப் பெயர்த்துவிட்டு, பிறகு துடைத்து, புதியதை எழுத வேண்டும். காலிப் பலகைகள் நிறைய இருக்கும்வரை இந்த வேலை வெளியே தெரியாது. எல்லாம் நிரம்பிய பிறகு, ஒரு 'காலை வணக்கம்' படம் வந்து விழுந்தால்கூட இத்தனை வேலையும் நடக்கும்.

ஆகவே 6 ஜிபி ரேம் கட்டாயம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பூக்கடைக்கு 4 ஜிபி போதும். 64 ஜிபி போதாது. 128 ஜிபி, அதுவும் யூஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். பெட்டியில் இதை எழுதமாட்டார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் கடைசி வரிகளில் இருக்கும். அங்கும் இல்லை என்றால் இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14, மாலை

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேமராவில் எடுக்கும் படங்களுக்குச் சரி. வாட்ஸ்அப்பில் வருவது உள் சேமிப்பில்தான் போய் உட்காரும். இடத்தை அடைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஜனவரி 19

5ஜி பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றதும் அவசரப் பேச்சுதான்.

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1 அன்று. ஜியோ தனித்த 5ஜி, அதாவது எஸ்ஏ முறையில் வந்தது. ஏர்டெல் தன் 4ஜி கட்டமைப்பின் மேல் ஏற்றிய என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப் போட்டு எட்டாயிரம் ரூபாய் அளவில் வரும் போன்கள் எஸ்ஏ முறையை மட்டுமே பிடிக்கும். என்எஸ்ஏ மட்டும் உள்ள இடத்தில் அந்தப் போனில் ஏர்டெல் சிம்மைப் போட்டால் 4ஜியில்தான் நிற்கும். போனின் மேல் குறை இல்லை, சிம்மின் மேலும் குறை இல்லை. ஆனால் '5ஜி' என்ற எழுத்துக்காகக் காசு கொடுத்தவருக்கு 5ஜி கிடைக்காது. நீங்கள் சொன்ன போனில் இந்தச் சிப்தானா என்று பாருங்கள், அம்மாவிடம் இருப்பது எந்த சிம் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு, அளவில்லாத 5ஜி வேண்டுமானால் ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டத்தில் இருக்க வேண்டும். அம்மா அதைவிடச் சிறிய திட்டம் போடுபவர் என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

பிப்ரவரி 2

பதில் பார்த்தேன். அம்மாவிடம் இருப்பது ஏர்டெல். பணம் வந்தால் குரல் சொல்லும் பெட்டி கடையில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் போனின் ஸ்பீக்கர் சத்தம் போதுமா என்று, இங்கே எழுதாமல் வைத்திருந்த என் கவலை பாதி போயிற்று.

ஆனால் உங்கள் பதிலில் ஒரு வரி என்னைச் சுட்டுவிட்டது. 'மூவாயிரம் என்பது அம்மாவுக்கு இரண்டு வாரத்துக் கையிருப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. நான் மாதச் சம்பளக்காரன். இன்னும் மூவாயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் விற்கும்போது, முதல் போடவே உங்கள் அம்மா என்ன பாடு படுவார் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். போன் பற்றி ஆலோசனை சொல்பவர்கள் எல்லாரும் 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது' என்றே சொல்கிறோம். எட்டாயிரம் பத்தாகும், பத்து பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினைந்தாகும். ஒவ்வொரு படியிலும் 'இன்னும் இரண்டுதானே' என்று தோன்றும். கேட்பவரின் தொகைக்குள் நின்று பதில் சொல்வதுதான் நியாயம்.

ஆகவே இப்போது உங்கள் எட்டரைக்குள் நின்று பேசுகிறேன். ஒரு வழி, பழைய போன். இரண்டு ஆண்டுக்கு முன் பதினைந்தாயிரத்துக்கு விற்ற போன் இன்று கைமாறி ஏழெட்டாயிரத்துக்குக் கிடைக்கும். சேமிப்பும் சிப்பும் எட்டாயிரம் ரூபாய்ப் புதிய போனைவிட நன்றாகவே இருக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். *#06# அடித்தால் ஐஎம்இஐ, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். அது பில்லில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண்ணை KYM என்பதோடு சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், திருட்டு என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். பேட்டரி தளர்ந்திருக்கும். அதை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்பில் KYM என்பதை ஆங்கில எழுத்திலேயே போட்டுவிட்டேன். கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு பதினைந்து இலக்க எண். அம்மாவின் பட்டன் போனிலிருந்தே அனுப்பலாம்.

பிப்ரவரி 16

பழைய போன் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாராம். 'நேற்றுப் பூவை இன்று நான் யாருக்கும் கட்டிக் கொடுத்ததில்லை' என்றாராம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இதற்கு மேல் நான் வாதாட முடியாது.

ஆனால் இந்த வாரம் இங்கே திண்டுக்கல் மார்க்கெட்டில் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர், தொடுத்த சரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பச்சைப் பொத்தானைத் தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். திரையில் ஈரக்கோடு விழுந்ததுதான் மிச்சம். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை தொடுவதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. 'கல்யாண ஆர்டராக இருக்கும்' என்றார், என்னைப் பார்த்தோ பூவைப் பார்த்தோ.

தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை வைத்துத்தான் தொடுகையை அறிகிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், எது விரல், எது துளி என்று அது தடுமாறும். ஈரக்கையிலும் இயங்கும் என்று இப்போது சில மலிவு மாடல்களில் விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம், கடையில் சோதித்துவிடலாம். ஐபி54 என்று போட்டிருந்தால் தெளிப்புத் தண்ணீர் தாங்கும் என்று பொருள். முங்கினால் தாங்காது. நீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது.

விரல்ரேகைப் பூட்டும் இப்படித்தான். ஆண்டுக்கணக்கில் நாரும் நூலும் அறுத்த கட்டைவிரலில் ரேகை எவ்வளவு மிச்சம் இருக்கும்? என் தாயாருக்கு ரேஷன் கடையில் விரலை வைத்து வைத்து அலுத்துப்போகும். உங்கள் அம்மாவுக்கு நான்கு இலக்க எண்ணே போதும்.

ஆகவே கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மட்டும் போய் வாங்கிக்கொடுத்து அசத்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு குடிநீர் பாட்டில் எடுத்துப் போய், அவர் விரலை நனைத்துக்கொண்டு அழைப்பை எடுக்கச் சொல்லுங்கள். போனை வாசலுக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் வாட்ஸ்அப் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கடைக்குள் பளபளக்கும் திரை வெளியே கறுத்துவிடும். தமிழில் பேசினால் எழுத்தாகிறதா என்று பாருங்கள்: 'நாளை இருபது முழம் மல்லி வேண்டும்' என்று அவர் பேச்சிலேயே சொல்லட்டும். அமைப்புகளில் போன் விவரத்துக்குள் போய் பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பாருங்கள். அது பத்து மாதம் பழையது என்றால், விற்றுவிட்டு நிறுவனம் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கேமராவுக்கு ஒரே ஒரு சோதனை: விளக்கு குறைந்த இடத்தில் ஒரு மாலையைப் படம் எடுத்துப் பாருங்கள். 50 மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் கண்கள் அங்கே எண்ணிக்கைக்காக இருப்பவை.

டார்ச் எரிய எத்தனை தொடுகை என்றும் பாருங்கள். நான்கு மணி இருட்டில் மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு, பட்டன் போனில் ஒரே அழுத்தில் எரிந்தது இதில் மூன்று தொடுகையில் எரிந்தால் அது பின்னடைவுதான்.

பிப்ரவரி 17

'எத்தனை ஆண்டு அப்டேட் என்று பார்த்தால் போதாதா, ஏன் இவ்வளவு?' என்று கேட்டவருக்கு.

அதுவும் முக்கியம்தான். 2014இல் ரூ.12,499 கொடுத்து நான் வாங்கிய மோட்டோ ஜி ஆண்ட்ராய்டு 4.3இல் வந்து 5 வரை ஏறியது. ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே இருந்த போன்களில் 2023 அக்டோபர் 24 முதல் வாட்ஸ்அப் நின்றது. கடைசியாக ஏறிய படி எத்தனை ஆண்டு தாங்கியது என்று பாருங்கள். இப்போது சாம்சங் தன் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டு தருவதாகச் சொல்லியிருக்கிறது. நல்ல முன்மாதிரி. ஆனால் அது இங்கே வந்தபோது விலை ரூ.18,999. எட்டாயிரத்தில் வாங்குபவருக்கு அவ்வளவு கிடைக்காது. விலை குறையக் குறைய ஆயுளும் குறைகிறது. ஆனால் அதிக ஆண்டு ஒரே போனை வைத்திருக்கப் போகிறவரும் அந்த எட்டாயிரத்துக்காரர்தான். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. 2020 ஏப்ரலில் கைபேசிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனபோதும் இதையேதான் சொன்னேன்: ஆடம்பரப் போனுக்கும் பூக்காரம்மாவின் போனுக்கும் ஒரே விகிதம்.

மார்ச் 9

வாங்கிவிட்டார்கள். ரூ.9,999. 4 ஜிபி ரேம், 128 ஜிபி யூஎஃப்எஸ் 2.2, எஸ்ஏ, என்எஸ்ஏ என்ற இரண்டு வகை 5ஜியும் பிடிக்கும். கூடுதல் ஆயிரத்து ஐந்நூறை அம்மாவே முறுக்கு டப்பாவிலிருந்து எடுத்துக்கொடுத்தாராம். பாட்டில் தண்ணீர்ச் சோதனையில், முதலில் பார்த்த எட்டரையாயிரம் போன் மூன்றில் ஒரு முறைதான் அழைப்பை எடுத்ததாம். இது மூன்றில் இரண்டு முறை. மூன்றுக்கு மூன்று எடுத்தது ஒன்று இருந்தது, அது பதினாலாயிரம் என்பதால் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

டெம்பர் கிளாஸ் ஒட்டும் முன் ஒரு வார்த்தை: மலிவான தடித்த கிளாஸ் ஒட்டினால் ஈரக்கைக்கு இன்னும் மோசமாகும். ஒட்டிய பிறகு தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மே 15

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் போனில் 5ஜி நின்றது, பக்கத்துக் கடைகளில் 4ஜி சுற்றிக்கொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் 5ஜியை ஒரே வரியில் தள்ளினேன், இரண்டாம் முறை சிம் கணக்கு மட்டும் பார்த்தேன். ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் இழுக்கும்போது 4ஜி நெரிந்துவிடும், 5ஜியில் இடம் மிச்சம் இருக்கும் என்பதை நான் நினைக்கவில்லை. வேகத்துக்காக இல்லாவிட்டாலும், திருவிழா வாசலில் கடை போடுகிறவருக்கு 5ஜி வேண்டும்.

ஜூன் 22

ஐரோப்பிய ஒன்றியத்தில் நேற்று முன்தினம், ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட், ஏழு ஆண்டு உதிரிப் பாகம். மலிவு போனுக்கும் இதே விதிதான். நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. ஐரோப்பாவைப் போல ஆண்டுகளை எண்ணிச் சொல்லும் சட்டம் இங்கே வர வேண்டும். என் மகளின் அந்தப் பழைய போனுக்கு டிஸ்ப்ளே காம்போ, அதாவது கண்ணாடியோடு சேர்ந்த திரை தேடி மூன்று கடை ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 24

ஒரு கல்யாணத்துக்கு மதுரை போனேன். முகூர்த்தம் முடிந்ததும், கேள்வி கேட்ட தம்பி சொன்ன கோயில் வாசலுக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். போனை ஒரு பழைய சுருக்குப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். அடித்தது. நனைந்த வலது கையை அப்படியே விட்டுவிட்டு, இடது கைச் சுண்டுவிரலால் பச்சையைத் தள்ளினார். 'இந்த விரல் தண்ணீரில் படாது, அண்ணே. இதைப் போனுக்கென்று வைத்துவிட்டேன்' என்றார்.

சேமிப்பைத் திறந்து பார்க்கக் கேட்டேன். ஐந்தரை மாதத்தில் 128இல் 71 மிச்சம். வாட்ஸ்அப்பைத் தொட்டேன். நான் ஒன்று என்று எண்ணி முடிக்கும் முன் திறந்துவிட்டது. மேலேயே ஓர் ஆர்டர் காத்திருந்தது: செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு ரோஜா மாலை, நாற்பது முழம் மல்லி.